துணிந்து ஊதியவர்

1930களில் அமெரிக்காவில் ஒரு நடனப் பாட்டைப் பதிவு செய்தால் அதற்கு 10 அங்குல இசைத்தட்டுதான். பக்கத்துக்கு மூன்று நிமிடமும் சில நொடிகளும் கிடைக்கும். அதற்குள் பாட்டு முடிந்தாக வேண்டும். 12 அங்குலத் தட்டு பெரும்பாலும் சிம்பொனிக்கும் ஆபெராவுக்கும் உரியது. 1937இல் விக்டர் நிறுவனம் ஸ்விங் என்ற ஜாஸ் நடன இசைக்கென்று நான்கு பெரிய தட்டுகள் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டது. பென்னி குட்மன், டாமி டோர்சி, ஃபேட்ஸ் வாலர் ஆகியோருக்கு ஆளுக்கொரு தட்டு. நான்காவது தட்டு, சொந்த இசைக்குழு தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த 28 வயது டிரம்பெட் கலைஞர் பன்னி பெரிகனுக்குப் போனது. ஆகஸ்ட் 7ஆம் தேதி பதிவான ‘ஐ கான்ட் கெட் ஸ்டார்ட்டட்’ என்ற அந்தப் பாட்டு ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஓடுகிறது. என் வாழ்வில் வேறெந்த ஒலிப்பதிவையும் நான் அவ்வளவு முறை கேட்டதில்லை.

1980களின் நடுவில் விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகர் மேடிசனில் படித்துக்கொண்டிருந்தேன். கைச்செலவுக்காகப் பல்கலைக்கழகத்தின் மில்ஸ் இசை நூலகத்தில் பகுதிநேர வேலை பார்த்தேன். பழைய 78 சுழற்சி இசைத்தட்டுகளைத் தூசி துடைத்து, புதிய காகித உறையில் போட்டு, தட்டு எண்ணையும் கலைஞர் பெயரையும் அட்டையில் எழுதி அடுக்குவதுதான் வேலை. அந்தத் தட்டுகள் கை தவறினால் கண்ணாடிபோல நொறுங்கிவிடும். அவற்றை இறுகப் பிடித்திருப்பது அரக்கு. அந்தக் காலத்தில் உலகத்துக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டின் சோட்டாநாகபுரிக் காடுகளிலிருந்துதான் கப்பலேறியது. பிறந்த நாட்டைவிட்டு அவ்வளவு தூரம் வந்திருந்த எனக்கு, கையில் இருந்த கறுப்புத் தட்டில் அந்தக் காட்டு மரங்களின் பங்கும் இருக்கிறது என்று தெரிந்தபோது அந்த வேலையின் மேல் தனிப் பிரியம் வந்தது.

ஒரு மாலை விக்டர் 25523 என்ற தட்டு கைக்கு வந்தது. டாமி டோர்சி இசைக்குழு 1937 ஜனவரி 29 அன்று பதிவு செய்தது. ஒரு பக்கம் ‘மரி’, மறுபக்கம் ‘சாங் ஆஃப் இந்தியா’. இரண்டாவது பெயர்தான் என்னை அதைச் சுழலவிட வைத்தது. ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவின் ‘சாட்கோ’ ஆபெராவில் ஓர் இந்திய வணிகர் தன் நாட்டின் செல்வங்களைப் புகழ்ந்து பாடும் பகுதி அது. டோர்சி அதை நடன இசையாக்கியிருந்தார். அவருடைய டிராம்போன் வழவழவென்று மெட்டைச் சொல்லிக்கொண்டே போகிறது. பிறகு ஒரு டிரம்பெட் உள்ளே வருகிறது. அதுவரை ஒழுங்காகவும் அழகாகவும் இருந்த இசைக்கு அங்கேதான் உடம்பும் ரத்தமும் வந்து சேர்கின்றன. தட்டின் லேபிளில் அதை ஊதியவர் பெயர் இல்லை.

“அது பன்னி” என்று பின்னாலிருந்து ஒரு குரல் சொன்னது. அங்கே தன்னார்வலராக வந்துபோகும் பெரியவர் அவர். பால்பண்ணை வைத்திருந்தவர், இளமையில் உள்ளூர் நடனக் குழு ஒன்றில் மூன்றாம் டிரம்பெட் ஊதியவர். “தட்டைத் திருப்பிப் போடு. அந்தப் பக்கமும் அவர்தான்” என்றார்.

திருப்பிப் போட்டேன். ‘மரி’ முதலில் மெதுவாகத் தொடங்குகிறது. ஜாக் லெனர்ட் பாட, குழுவினர் ஒவ்வொரு வரிக்கும் பதில் குரல் கொடுக்கிறார்கள். அந்த உத்தியை டோர்சி, சன்செட் ராயல் செரினேடர்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர்களின் குழுவிடமிருந்து எடுத்துக்கொண்டார். பாட்டு முடிந்த அந்த நொடியில் பெரிகன் மேலிருந்து பாய்கிறார். முன்னுரையோ தயக்கமோ இல்லாமல் முதல் ஸ்வரத்திலேயே முழு வேகம். அந்தத் தனி வாசிப்பு மக்கள் மனத்தில் அப்படிப் பதிந்துவிட்டதால், பெரிகன் இல்லாத பிற்காலங்களில் டோர்சி அதை ஸ்வரம் ஸ்வரமாக எழுதித் தன் டிரம்பெட் வரிசை முழுவதையும் சேர்ந்து ஊத வைத்தார். ஒருவர் அந்தக் கணத்தில் கற்பனை செய்து ஊதியது பலர் பார்த்து ஊதும் பாடமாகிவிட்டது. இந்த இரண்டு தனி வாசிப்புகளும் ஒரே நாளில், ஒரே தட்டின் இரு பக்கங்களுக்காகப் பதிவானவை. இதற்கு இணையான இன்னொரு தட்டை அந்த நூலகத்தில் நான் காணவில்லை.

பெரியவர் வரும் நாட்களில் நான் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு அவரோடு உட்காருவேன். டிரம்பெட் எப்படி வேலை செய்கிறது என்பதை அவர்தான் எனக்கு விளக்கினார். அதில் இருப்பவை மூன்றே வால்வுகள். அவற்றை எப்படி மாற்றி மாற்றி அழுத்தினாலும் ஏழு நிலைகள்தான் கிடைக்கும். மற்ற ஸ்வரங்களையெல்லாம் உதட்டின் இறுக்கத்தாலும் மூச்சின் வேகத்தாலும்தான் பிறப்பிக்க வேண்டும். விரல் சரியாக இருந்தாலும் உதடு ஒரு மயிரிழை தளர்ந்தால் வேறு ஸ்வரம் வந்துவிடும், அல்லது ஸ்வரம் உடைந்துவிடும். மேல் ஸ்தாயியில் நின்று ஊதும்போது உதட்டுத் தசை களைத்துப்போகும். களைத்த உதட்டோடு கீழே இறங்கினால் நாதம் மெலிந்து வெறும் காற்றாகும். அதனால் பெரும்பாலான டிரம்பெட் கலைஞர்கள் தங்களுக்கென்று ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு அதற்குள்ளேயே வாழ்வார்கள். பெரிகன் அப்படியல்ல. கீழ் ஸ்தாயியில் அவர் நாதம் அகலமாக, கனமாக இருக்கும். அங்கிருந்து இடையில் படி வைக்காமல் உச்சிக்குத் தாவுவார். உச்சியிலும் அதே கனம் இருக்கும். “ரெண்டு இடத்திலும் வீடு கட்டியவர் அவர் ஒருவர்தான்” என்பார் பெரியவர்.

இந்த நாதம் அவருக்குப் பிறவியில் வந்துவிடவில்லை என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ரோலண்ட் பெர்னார்ட் பெரிகன் 1908 நவம்பர் 2 அன்று விஸ்கான்சினின் ஹில்பர்ட்டில் பிறந்தார். வளர்ந்தது ஃபாக்ஸ் லேக் என்ற சிற்றூரில். இசை தெரிந்த குடும்பம். சிறுவயதில் வயலினும் பயின்றார். உள்ளூர் பேண்டில் ஊதினார். பதின்வயதில் மேடிசனுக்கு வந்து, பல்கலைக்கழக மாணவர்கள் ஆடிய நடன நிகழ்ச்சிகளில் வாசித்தார். நான் தினமும் நடந்துபோன அதே தெருக்களில் அறுபது ஆண்டுகளுக்கு முன் அவர் டிரம்பெட் பெட்டியோடு நடந்திருக்கிறார் என்று அறிந்தபோது அந்த நகரம் எனக்கு வேறு நகரமாகிவிட்டது. 1928இல் ஹால் கெம்ப் என்ற இசைக்குழுத் தலைவர் அவர் வாசிப்பைக் கேட்டுவிட்டு, நாதம் மெலிந்திருக்கிறது என்று சேர்த்துக்கொள்ளாமல் விட்டார். இரண்டே ஆண்டுகளில் அதே கெம்ப் அவரைச் சேர்த்துக்கொண்டு 1930இல் ஐரோப்பாவுக்கு அழைத்துப்போனார். மெலிந்த நாதம் என்று திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர், அந்தத் தலைமுறையிலேயே மிகப் பெரிய நாதத்தை அந்த இடைவெளியில் உழைத்துத் தேடிக்கொண்டார்.

பிறகு நியூயார்க். பொருளாதார மந்தத்தால் இசைக்கலைஞர்கள் வேலையில்லாமல் திண்டாடிய ஆண்டுகளில் பெரிகனுக்கு வேலை ஓயவில்லை. சி.பி.எஸ். வானொலியின் நிலையக் குழுவிலும் பால் வைட்மனின் பெரிய இசைக்குழுவிலும் ஊதினார். இடைப்பட்ட நேரங்களில் நூற்றுக்கணக்கான ஒலிப்பதிவுகள். எந்தத் தாளைக் கொடுத்தாலும் பார்த்தவுடன் வாசிப்பார். எட்டு பார் தனி வாசிப்புக் கொடுத்தால் அதற்குள் ஒரு கதை சொல்லிவிடுவார். நூலக அடுக்குகளில் இன்று எவரும் தேடாத நடனப் பாட்டுகளைச் சுழலவிட்டுக் கேட்கும்போது, நடுவில் சில நொடிகள் அந்த டிரம்பெட் எழுந்து மறையும். பெயர் எங்கும் இருக்காது. ஆனால் இரண்டு ஸ்வரம் போதும், ஆளைச் சொல்லிவிடலாம்.

1936 ஜூலையில் கறுப்பினப் பாடகி பில்லி ஹாலிடே தன் சொந்தப் பெயரில் பதிவுகள் செய்யத் தொடங்கியபோது டிரம்பெட் ஊதியவர் பெரிகன், கிளாரினெட் ஆர்ட்டி ஷா. ‘பில்லீஸ் புளூஸ்’ அப்போது பிறந்தது. மேடையில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து அமர்வது பெரும்பாலும் முடியாத காலம் அது. ஒலிப்பதிவு அறைக்குள் மட்டும் அது நடந்தது. அந்தத் தட்டில் பாடகியின் வலியை டிரம்பெட் போட்டி போட்டு மறைக்கவில்லை; ஓரத்தில் நின்று முனகுகிறது, பிறகு தன் முறை வரும்போது முழங்குகிறது. லூயி ஆம்ஸ்ட்ராங்கைத் தன் குருவாக மனத்தில் வைத்திருந்த ஒரு வெள்ளைக்கார இளைஞர், அந்த இசை எங்கிருந்து வந்தது என்பதை மறக்காமல் ஊதியது அது.

ஸ்விங் காலம் தொடங்கிய நாளென்று வரலாற்றில் ஒன்றைச் சொல்வார்கள்: 1935 ஆகஸ்ட் 21, லாஸ் ஏஞ்சலஸின் பாலோமர் நடன அரங்கு. அந்த மேடையிலும் பெரிகன் இருந்தார். பென்னி குட்மனின் இசைக்குழு கிழக்கிலிருந்து மேற்கே ஊர் ஊராக வந்துகொண்டிருந்தது. டென்வரில் வரவேற்பு படுமோசம். குழுவே கலைந்துவிடும் நிலை. பாலோமரிலும் முதலில் சாதுவான நடன மெட்டுகளை வாசித்தார்கள், கூட்டம் அசையவில்லை. பிறகு துணிந்து ஃப்ளெச்சர் ஹெண்டர்சன் எழுதித் தந்த அமைப்புகளை எடுத்தார்கள். ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேடையைச் சுற்றி நெருங்கினார்கள். இதில் அதிசயம் எதுவும் இல்லை. குட்மன் குழுவின் வானொலி நிகழ்ச்சி கிழக்குக் கரையில் நள்ளிரவுக்குப் பிறகு ஒலிபரப்பானது. நேர வித்தியாசத்தால் கலிஃபோர்னியாவில் இளைஞர்கள் விழித்திருக்கும் நேரத்திலேயே அது எட்டியது. அவர்கள் அந்த இசைக்காகத்தான் காத்திருந்தார்கள். அதற்கு முந்தைய மாதம் பதிவான ‘கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்’ தட்டில் பெரிகனின் டிரம்பெட் தொடக்கத்திலேயே கொடியேற்றிவிடுகிறது. ஒரு காலம் பிறக்கப்போகிறது என்று முன்கூட்டி அறிவித்ததுபோல இப்போது கேட்கிறது.

ஒரு மே மாதம் பெரியவர் என்னைத் தன் காரில் ஃபாக்ஸ் லேக்குக்கு அழைத்துப்போனார். மேடிசனிலிருந்து வடகிழக்கே போகும் சாலை. இருபுறமும் பால்பண்ணைகள், சிவப்புக் களஞ்சியங்கள், அப்போதுதான் உழுத கரிய நிலம். 1974 முதல் அந்த ஊர் மே மாதத்தில் பெரிகன் பெயரில் ஒரு ஜாஸ் விழா நடத்திவந்தது. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர், மறைந்து பல பத்தாண்டுகள் ஆன தன் டிரம்பெட் கலைஞருக்காகக் கதவு திறந்து காத்திருந்தது. வெளியூர்களிலிருந்து கலைஞர்கள் வந்து வாசித்தார்கள். பெரிகனை நேரில் கேட்டவர்கள் சிலர் அப்போது இன்னும் உயிரோடு இருந்தார்கள். மளிகைக் கடைக்காரர், பள்ளி ஆசிரியை, விவசாயி என்று எல்லோரும் மேசை போட்டு உணவு பரிமாறினார்கள். பழைய புகைப்படங்களைக் காட்டினார்கள். ஊர் எல்லையில் இருக்கும் புனித மேரி கல்லறைத் தோட்டத்துக்கும் போனோம். பெரியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

அங்கே என்னைத் தொட்டது ஒன்று. பெரிகனைப் பற்றி எந்த நூலில் படித்தாலும் இரண்டாவது பத்தியில் மது வந்துவிடும். அந்த ஊரில் அப்படியல்ல. எந்தத் தட்டில் எந்த இடம் பிடிக்கும் என்று அவர்கள் பேசினார்கள். “‘மரி’யில அந்த இறக்கம் இருக்கே” என்று ஒருவர் தொடங்கினால் இன்னொருவர் வாயாலேயே அதைப் பாடிக் காட்டினார். அவர் குடித்ததும் அதனால் இறந்ததும் அவர்களுக்குத் தெரியும்; சிலர் அதை நேரிலேயே பார்த்தவர்கள். ஆனால் அவர் விட்டுப்போனது எது என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

இப்போது அந்த 12 அங்குலத் தட்டுக்கு வருகிறேன். பாட்டு வெர்னன் டியூக்கின் மெட்டு, ஐரா கெர்ஷ்வினின் வரிகள். ‘சீக்ஃபீல்ட் ஃபாலீஸ் 1936’ என்ற மேடை நிகழ்ச்சியில் பாப் ஹோப் பாடியது. உலகத்தில் எதையெல்லாமோ சாதித்துவிட்ட ஒருவன், தான் விரும்பும் பெண்ணிடம் மட்டும் ஓர் அடிகூட முன்னேற முடியவில்லை என்று புலம்பும் வேடிக்கைப் பாட்டு. பெரிகன் அதை 1936 ஏப்ரலிலேயே ஒருமுறை பதிவு செய்தார். அடுத்த ஆண்டுப் பதிவில்தான் அது முழு உருவம் பெற்றது.

குழு, பல ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும் ஒரு நீண்ட சுரக்கட்டைப் பிடித்து நிற்கிறது. தாளம் இல்லை. அதன்மேல் டிரம்பெட் தனியாக நடக்கிறது. நின்று, சுழன்று, ஏறி, ஒரு வாக்கியத்தை முடிக்கிறது. குழு அடுத்த சுரக்கட்டுக்கு மாறுகிறது. டிரம்பெட் மறுபடி கிளம்புகிறது. கோயில் திருவிழாக்களில் ஒத்து ஓயாமல் சுருதி பிடித்திருக்க, நாதஸ்வரக்காரர் தாளத்துக்குக் கட்டுப்படாமல் ராகத்தை விரிப்பதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த முன்னிசையைக் கேட்க எனக்கு எவருடைய பயிற்சியும் தேவைப்படவில்லை. ஆம்ஸ்ட்ராங் 1928இல் ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ தட்டைத் தனி டிரம்பெட்டோடு தொடங்கிய வழியில் வந்தது இது. ஆனால் ஆம்ஸ்ட்ராங்கின் முன்னிசை வெற்றி முழக்கம், பெரிகனுடையது கேள்வி.

பிறகு அவரே பாடுகிறார். பயின்ற குரல் அல்ல. சற்று நடுங்கும், மெல்லிய, ஒளிவு இல்லாத குரல். பாட்டின் வேடிக்கை அந்தக் குரலில் கரைந்துபோகிறது. சொல்பவன் உண்மையிலேயே தோற்றவன் என்று நமக்குப் புரிகிறது. பாடி முடித்ததும் டிரம்பெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கீழ் ஸ்தாயிக்கு இறங்குகிறார். அங்கே அந்த நாதம் மண்ணிலிருந்து வருவதுபோல் இருக்கும். பின்பு ஏற்றம். ஒவ்வொரு வாக்கியமும் முந்தியதைவிட உயரம். எந்த இடத்தில் நிறுத்தினாலும் பாட்டு நன்றாகவே முடிந்திருக்கும். ஆனால் அவர் நிறுத்துவதில்லை. கடைசி ஸ்வரத்தை உச்சியில் வைத்து, அங்கேயே முழுக் கனத்தோடு நின்று முடிக்கிறார். இந்தப் பாட்டை வாசிக்கச் சொல்லி ஆம்ஸ்ட்ராங்கைக் கேட்டபோது, அது பன்னியுடையது என்று மறுத்துவிட்டார் என்பார்கள். 1975இல் இந்தத் தட்டு கிராமி புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 1930களின் லாஸ் ஏஞ்சலஸைக் காட்டிய ‘சைனாடவுன்’ படத்திலும் இதே பதிவு ஒலித்தது.

அந்தத் தட்டு வெளிவந்தபோது பெரிகனின் எதிர்காலத்தைப் பற்றி எவருக்கும் ஐயம் இருந்திருக்காது. குழுவில் ஜார்ஜி ஆல்ட் டெனர் சாக்ஸபோன் ஊதினார். ஜோ லிப்மன் இசையமைப்புகள் எழுதினார். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற டிரம்மர் படி ரிச் 1938இல் இருபது வயது இளைஞராக அங்கே இருந்தார். ரே கானிஃப் டிராம்போன் வரிசையில் இருந்தார். அந்த ஆண்டின் இறுதியில், 28 வயதில் குடியால் மறைந்த கார்னெட் கலைஞர் பிக்ஸ் பைடர்பெக்கின் படைப்புகளை ஒரு சிறு குழுவோடு பெரிகன் பதிவு செய்தார். தானும் அதே பாதையில் போய்க்கொண்டிருந்த ஒருவர், தனக்கு முன் போனவருக்குச் செலுத்திய அந்த அஞ்சலியை என்னால் இன்றும் தொடர்ந்து கேட்க முடிவதில்லை.

ஆனால் இசைக்குழுத் தலைவர் என்பது டிரம்பெட் ஊதுவதோடு முடியும் வேலையல்ல. வாரம் பிறந்தால் கிட்டத்தட்டப் பதினைந்து பேருக்குச் சம்பளம் தர வேண்டும். பேருந்துச் செலவு, அமைப்பு எழுதுபவர்களுக்குக் கூலி, நிகழ்ச்சி பிடித்துத் தரும் முகவருக்குப் பங்கு. நட்சத்திர விடுதியில் மாதக்கணக்கில் ஓரிடத்தில் வாசிக்கக் கிடைத்தால் வானொலி வழியே பெயர் பரவும். அது கிடைக்காத குழு, ஓர் இரவு ஓர் ஊர் என்று நூற்றுக்கணக்கான மைல் ஓட வேண்டும். அதே விக்டர் நிறுவனத்தில் குட்மனும் டோர்சியும் ஏற்கெனவே பெரும் பெயரோடு இருந்தார்கள். நல்ல புதுப் பாட்டுகள் முதலில் அவர்களிடமே போயின. எஞ்சியவற்றைப் பெரிகன் பதிவு செய்தார். அந்தத் தட்டுகளைக் கேளுங்கள்: சாரமற்ற பாட்டு, சாரமற்ற பாடல் வரிகள், நடுவில் திடீரென்று முப்பது நொடி அமிர்தம்.

1938 செப்டம்பர் 21 அன்று நியூ இங்கிலாந்தைத் தாக்கிய பெரும்புயல் போஸ்டனில் அவருக்குக் கிடைத்திருந்த நல்லதொரு மொட்டைமாடி அரங்கு நிகழ்ச்சியையும் குலைத்தது. கணக்குப் பார்க்கவோ கண்டிக்கவோ தெரியாதவர். குழுவினருக்கு அவர் நண்பர், மேலாளர் அல்ல. மதுவிலக்குக் காலத்தில் கள்ளச் சாராயத்தோடு தொடங்கிய பழக்கம் இந்தச் சுமையின் கீழ் வளர்ந்தது. 1939இல் திவாலானார். 1940இன் தொடக்கத்தில் மீண்டும் டோர்சி குழுவில் சேர்ந்து சில மாதங்கள் ஊதினார். இளம் ஃபிராங்க் சினாட்ரா பாடும் ‘ஈஸ்ட் ஆஃப் த சன்’ தட்டில் அவர் தனி வாசிப்பு இருக்கிறது: அவசரமில்லாத, எதையும் நிரூபிக்க வேண்டாத நிதானம். குழுவின் கவலை வேறொருவருடையது என்றானபோது அவர் எப்படி ஊதினார் என்பதற்கு அதுவே சாட்சி. அந்தக் காலத்து இசைத்தொழில், மிக நன்றாக ஊதுகிறவரையே தலைவராக்கியது. ஊதத் தெரிந்தவருக்கு நிர்வகிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற அந்த வழக்கம்தான் அவருக்குக் கேடாயிற்று என்று நான் நம்புகிறேன்.

1940இன் பிற்பாதியில் மறுபடியும் சொந்தக் குழு, மறுபடியும் சாலை. பெரியவர் அவரை நேரில் கேட்டது அந்தக் காலத்தில்தான், விஸ்கான்சினில் ஒரு நடன அரங்கில். ஃபாக்ஸ் லேக்கிலிருந்து திரும்பும் வழியில் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டே அதைச் சொன்னார்.

“முகம் வீங்கியிருந்தது. கால் சரியா நிக்கல. முதல் ரெண்டு பாட்டிலே பல இடத்தில் ஸ்வரம் உடைஞ்சுது. கூட்டத்தில் சிலர் சிரிச்சாங்க.”

“உங்களுக்கு எப்படி இருந்தது?” என்று கேட்டேன்.

“நான் டிரம்பெட் ஊதுறவன். உடைஞ்ச ஸ்வரத்தை நான் எண்ணல. எதை எட்டப் போனார்னு பார்த்தேன். நான் பக்கத்தில்கூடப் போகாத இடம் அது. அந்த நிலைமையில், அப்படி ஒரு ஊரில், அப்படி ஒரு கூட்டத்துக்கு, அவர் சுலபமான ஸ்வரத்தை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். எடுக்கல. கடைசியில் அந்தப் பாட்டு வந்தது. மேலே போய் நின்னார். யாரும் சிரிக்கல.”

1942இல் ‘சின்கோபேஷன்’ என்ற திரைப்படம் வெளிவந்தது. நடிகர் ஜாக்கி கூப்பரின் கையில் இருந்த டிரம்பெட்டுக்கு ஒலி கொடுத்தவர் பெரிகன்; திரையில் அவர் முகம் தெரியாது. அதே ஆண்டு ஏப்ரலில் பிட்ஸ்பர்க்கில் நிமோனியாவோடு மருத்துவமனையில் சேர்ந்தார். கல்லீரல் மோசமாகக் கெட்டிருந்தது. குடியையும் ஊதுவதையும் நிறுத்த வேண்டும் என்ற மருத்துவர்களின் எச்சரிக்கையை ஏற்காமல் மறுபடி குழுவோடு கிளம்பினார். ஜூன் 2 அன்று நியூயார்க்கில் இறந்தார். வயது 33. மனைவியும் இரண்டு சிறு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு டாமி டோர்சி உதவினார்.

அவர் வாழ்ந்த உலகமும் அதே ஆண்டில் குலையத் தொடங்கியது. போரினால் கிழக்கிலிருந்து வரும் சரக்குகள் தடைப்பட்டபோது, ஏப்ரலிலேயே அமெரிக்க அரசு இசைத்தட்டுகளுக்கான அரக்கை 70 விழுக்காடு வெட்டியது. டயருக்கும் பெட்ரோலுக்கும் வந்த கட்டுப்பாடு ஓரிரவுப் பயணங்களை முடக்கியது. இளம் கலைஞர்கள் படைக்குப் போனார்கள். ஆகஸ்ட் முதல் தேதி இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவையே நிறுத்தியது. ஆகவே பெரிகன் இன்னும் சில ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. தலைவராக அவருக்கு முன்னால் இருந்த வழி அடைபட்டுக்கொண்டிருந்தது. ஆனால் குழுவின் சுமையை இறக்கிவைத்து ஒரு கலைஞராக மட்டும் அவர் வாழ்ந்திருக்க முடியும். அவரை அப்படி வாழவிட எவரும் வழி செய்யவில்லை என்பதே என் வருத்தம்.

பெரியவர் இப்போது இல்லை. அவர் வழியாக எனக்குக் கிடைத்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன். பெரிகனைக் கேட்க விரும்புகிறவர்கள் ‘கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்’பில் தொடங்குங்கள். பிறகு ‘பில்லீஸ் புளூஸ்’, ‘மரி’, ‘சாங் ஆஃப் இந்தியா’. அதன்பின் ‘ஐ கான்ட் கெட் ஸ்டார்ட்டட்’. இதே வரிசையில் கேட்டால், ஐந்தே நிமிடங்களில் முடிந்துவிடும் வாசிப்புக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பது புரியும். அவர் கதையைச் சீரழிவின் கதையாக மட்டும் சொல்வது அவருக்கு நாம் செய்யும் இரண்டாவது அநீதி. மது அவர் உடலை எடுத்துக்கொண்டது. அந்த உடலுக்குள் இருந்த துணிவை அதனால் தொட முடியவில்லை. தவறிவிடுமோ என்று அஞ்சிப் பாதுகாப்பான ஸ்வரத்தோடு நின்றுவிடுகிற கலைஞர்கள் எல்லாக் காலத்திலும் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் பதிவுகளில் பிழை இருக்காது, நினைவில் நிற்பதற்கும் எதுவும் இருக்காது. பெரிகன் ஒவ்வொரு முறையும் தவறக்கூடிய ஸ்வரத்தையே தேர்ந்தெடுத்தார். அதனால்தான் அது கிடைத்தபோது வேறெவரிடமும் கிடைக்காததாக இருந்தது. கலை பயில்கிற இளைஞர் எவர் என்னிடம் வந்தாலும் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: எட்டக்கூடியதை மட்டும் ஊதாதீர்கள்.